பொற்கொடியின் நேரலை உயரம்

நாங்கள் எழுதும் நிரல் வரிகளின் கணக்கைச் சுவர்த்திரையில் உள்ள பட்டை வரைபடத்தோடு நேரலையாக இணைத்த நாளிலிருந்து, எங்கள் அலுவலகத்தில் அவரவர் பெயருக்கான பட்டை எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம்தான் இருக்கிறோம். இணைத்தது நான். வேலை சுத்தமாக முடிந்ததென்று பாராட்டினார்கள்.

வரி எழுத எழுதப் பட்டை ஏறும். நான்கு வரியில் முடிகிற வேலைக்கு ஜெபராஜ் நாற்பது வரி எழுதுவான். இப்போது குனிந்துதான் உள்ளே வருகிறான். மேலாளர் ரகோத்தமன் சார் ஒரு வரியும் எழுதுவதில்லை. பட்டையே இல்லாததால் கூட்டங்களுக்கு அவர் குரல் மட்டும் வருகிறது. வேலைக்கு ஒரு குறையும் இல்லை, முன்பும் அவ்வளவுதான்.

பாவம், பொற்கொடிதான் மாட்டிக்கொண்டாள். அவள் வேண்டாத வரிகளை நீக்குகிறவள். நீக்கினால் பட்டை இறங்கும். எங்கள் மென்பொருள் ஓடுவதே அவளால்தான் என்று எல்லோருக்கும் தெரியும், வரைபடத்துக்குத் தெரியாது.

"என் பொண்ணு ரெண்டாவது படிக்கறா. இப்ப ரெண்டு பேரும் ஒரே உயரமுங்க," என்றாள் என்னிடம். "அவ தூங்கிட்டா தூக்கிட்டுப் போக முடியறதில்ல."

எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. ஆனால் இணைப்பை எடுக்க மேலாளர் கையெழுத்து வேண்டும். குரலால் கையெழுத்துப் போட முடியாது.

அந்தப் புதன்கிழமை, மருத்துவமனைகளுக்கு நாங்கள் கொடுத்திருந்த செயலி நின்றுவிட்டது. நோயாளிகள் வாசலில் காத்துக் கிடந்தார்கள். ஜெபராஜ் நீட்டி எழுதி அடைத்து வைத்ததை எல்லாம் எடுத்தால்தான் ஓடும். எடுப்பவர் பட்டைதான் இறங்கும்.

"எடுத்துட்டு, பதிலுக்குக் கொஞ்சம் காலி வரி அடிச்சு விடும்மா. உயரம் சரியாயிடும்," என்றது சாரின் குரல்.

"அப்படி வளர்றதுக்கு நான் குட்டையாவே இருந்துக்கறேன் சார்," என்று சொல்லிவிட்டு அத்தனையையும் நீக்கினாள் பொற்கொடி.

செயலி ஓடியது. அவள் பட்டை பூஜ்யத்துக்கு வந்து, அதையும் தாண்டிக் கீழ்நோக்கி நீண்டது. அவள் நாற்காலி காலியாக இருந்தது. ஜெபராஜ் எழுந்து கைதட்டியதில் தலை விளக்கில் இடித்தது.

சற்று நேரத்தில் கீழ்த்தளத்துக் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். போனேன். அவர்களுடைய கூரையில் கால் பதித்து, பொற்கொடி தலைகீழாக நின்றிருந்தாள். நல்ல உயரம். பள்ளிவிட்டு வந்த மகள் அண்ணாந்து பார்த்துக் கைகளை நீட்டினாள். பொற்கொடி அவளை அப்படியே வாரி மேலே தூக்கிக்கொண்டாள்.

காப்பீட்டுக்காரர்கள் மின்விசிறியை மட்டும் நிறுத்தி வைத்தார்கள்.