விதைக்கு விட்டவர்

என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து கூட்டுப்புழுவாகிவிட்டார். எங்கள் தொழிலில் இது நடக்கக்கூடியதுதான். புழுக் கொட்டகையில் இருட்டான மூலையாகப் பார்த்து, சாக்குக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். தோல் கறுத்து இறுகிவிட்டது. செருப்பை மட்டும் வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தார்.

நாங்கள் கோழித் தீவனத்துக்குப் புழு வளர்க்கிறோம். கல்யாண மண்டபங்களில் மிஞ்சுகிற சாப்பாடு இலையோடு டெம்போவில் வந்து இறங்கும். புழு இலையைத் தொடாது. இலையைப் பிரித்து, சோற்றை வழித்துத் தொட்டியில் போடுவது அவர் வேலை. மடிப்பைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். தன் பக்கமாக மடித்தவர் திருப்தியாகச் சாப்பிட்டவர். எதிர்ப்பக்கம் மடிப்பது இழவு வீட்டில். கல்யாண இலையே அப்படி மடிந்து வந்தால், "இது பொண்ணுக்குத் தாய்மாமன். இவரை மொறையாக் கூப்புடுல" என்பார்.

ஊரில் யார் யாருக்கெல்லாம் சாப்பாடு பிடித்தது என்று அவருக்குத் தெரியும். என் வீட்டில் ஒரே ஓர் ஆள். அவருக்கு என் சமையல் பிடித்ததா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் எவர்சில்வர் தட்டில் சாப்பிடுகிறவர்கள். தட்டை மடிக்க முடியாது. "உப்பு இருக்குதுங்களா?" என்று தினமும் கேட்பேன். "ம்" என்பார். அந்த "ம்"மை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அதில் ஆத்திரம்.

காலையில் பக்கத்து வீட்டு வேலாத்தாக்கா வந்தார். அவர் போன தை மாதத்திலிருந்து கோழி. அதனால் யாருக்கும் தொந்தரவில்லை.

"உம்பட ஊட்டுக்காரரு எப்படி இருக்காரு கண்ணு?" என்றார், சாக்கையே பார்த்தபடி.

"கெட்டியா இருக்காருங்கக்கா."

"கெட்டியாறதுக்கு முந்தி எடுத்திருக்கோணும். இனிக் கொத்தறதுக்குச் செரமம்."

"அக்கா, அவரு உங்களுக்குத் தம்பி மொறையாகோணும்."

"அது தெரியாமயா கேக்கறன்?" என்று சொல்லிவிட்டுக் காலால் தரையைச் சீய்த்தார்.

பிறகு தீவன ஆபீஸிலிருந்து எடை போடுகிறவர் வந்தார். கொட்டகை அன்றைக்கு நீண்டிருந்தது. வாசலில் நுழைந்தவர் மூலைக்கு வந்து சேர மதியமாகிவிட்டது. நடுவழியில் ஓர் இடத்தில் உட்கார்ந்து டீ குடித்தாராம். என் வீட்டுக்காரரைச் சாக்கோடு தூக்கித் தராசில் வைத்தார்.

"ஒரு கோழிக்கு நெம்ப நாளைக்கு வரும்," என்றார். "தீவனத்துக்குங்களா, விதைக்குங்களா?"

புழுவில் பெரும்பகுதி வறுபட்டுத் தீவன மூட்டையில் போகும். கொஞ்சத்தை விதைக்கு விடுவோம். அது கூட்டை உடைத்துக் கறுப்பு ஈயாக வெளியே வரும். இனத்தைப் பெருக்கிவிட்டுச் சில நாளில் செத்துப்போகும்.

"விதைக்கு," என்றேன்.

"நல்லா யோசிச்சுக்கங்க. தீவனம்னா இன்னைக்கே டெம்போல எடம் இருக்குது. ஈயாயிட்டா அதுக்கு வாய் கெடையாதுங்க. திங்காது."

"பேச்சுங்க?"

"வாயில்லாம எப்படிங்க பேசும்?"

"வாய் இருந்தப்பவும் பெருசா ஒண்ணும் பேசுலீங்க."

அவர் தலையாட்டிவிட்டுச் சாக்கில் ஒரு சிவப்புக் கயிறு கட்டினார்.

நான் கிண்டலாகத்தான் சொன்னேன். டெம்போ போன பிறகு உட்கார்ந்து அழுதேன். வாய் இருந்தபோதே சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்க வேண்டும். இனிமேல் அந்த "ம்"கூடக் கிடையாது. சாக்கின் மேல் குனிந்து, "என்ற சமையல் உங்களுக்குப் புடிச்சுதுங்களா?" என்று கேட்டேன். உள்ளே ஏதோ புரண்டது. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வெளியே வந்தார். சிறகு புதுசு. சட்டை பழையதுதான். மீசைக்குக் கீழே வழவழவென்று இருந்தது.

"சாப்பிட வாங்க," என்றேன். பழக்கம்தான். அவரும் பழக்கத்தில் வந்து கைகழுவிவிட்டு உட்கார்ந்தார்.

தட்டை எடுக்கப் போனவள் நின்றுவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் வாழை நிற்கிறது. ஓடிப்போய் ஓர் இலை அறுத்து வந்தேன். டெம்போ டெம்போவாக இலை வந்து இறங்கிய வீட்டில் எனக்கு இத்தனை காலம் இது தோன்றவில்லை. என் புத்தியை எந்தச் செருப்பால் அடிப்பது?

அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சாதத்தை வைத்து நெய் விட்டேன். அவர் சோற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டு முடிக்கக் காத்திருக்கிறவரைப்போலச் சிறகை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னலில் வேலாத்தாக்கா ஒற்றைக் காலில் நின்றிருந்தார்.

பிறகு இலையை மடித்தார். தன் பக்கமாக மடித்தார்.

"ஒரு பருக்கைகூட எடுக்குலியே கண்ணு," என்றார் வேலாத்தாக்கா.

"நீங்க சும்மா இருங்கக்கா," என்றேன்.

என் வீட்டுக்காரர் எழுந்து வெளிச்சம் இருந்த பக்கமாகப் பறந்து போனார். செருப்பைப் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்குப் பசித்தது. அவர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்து, இலையைப் பிரித்து ஒரு கவளம் வாயில் வைத்தேன். உப்பே போட்டிருக்கவில்லை.

முழுவதையும் சாப்பிட்டேன். தொட்டியில் இருந்த புழுக்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் மடித்த மடிப்பிலேயே இலையை என் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தேன்.