தலைமாட்டுப் பக்கம்

சவப்பெட்டியில் கிடத்தியிருந்த அம்மாவின் சட்டைக் கையில் மகள் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தபோது மாமா மறுபடியும் அறைக்குள் எட்டிப் பார்த்தார். அவள் தம்பி தெருமுனைக்கு வந்துவிட்டானாம். பெட்டியைத் தூக்கும்போது தலைமாட்டுப் பக்கம் அவன்தான் பிடிக்க வேண்டுமாம். மகள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பள்ளிக்கூட வேனை எந்தச் சந்துக்குள்ளும் அலட்டாமல் ஒடித்துத் திருப்புகிறவள், விறைத்த மணிக்கட்டில் ஒரு பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். அங்கே படுக்கை விரிப்புகளை இருவர் இருவராக எதிரெதிரே நின்றுதான் மடிப்பார்கள். அம்மாவுக்கு ஜோடி, எல்லோரும் சுருட்டை என்று கூப்பிடுகிற ஓர் இளம்பெண். சரியான வாயாடி. அம்மாவை அழைத்துப்போக வந்த தம்பி ஒரு சாயங்காலம் விரிப்புகள் அடுக்கும் அறையின் கதவைச் சாத்தி அந்தப் பெண்ணைப் பலாத்காரம் செய்தான். அன்றும் வீட்டுக்கு வந்து வழக்கம்போல் உட்கார்ந்த இடத்திலேயே சாப்பாடு கேட்டான். அம்மாவும் விவரம் தெரியாமல் பரிமாறினாள்.

மறுநாள் சுருட்டை சொன்னதும் அவளைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனது அம்மாதான். சொந்தபந்தம் மொத்தமும் அம்மாவைக் கரித்துக் கொட்டியது. வழக்கு விசாரணையில், அந்தப் பெண் எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறவள்தானே என்று சாட்சி சொல்ல வந்த அம்மாவிடம் தம்பியின் வக்கீல் கேட்டார்.

"என்கிட்டயும்தான் சிரிச்சுப் பேசுவா. அதுக்கென்ன இப்போ?" என்றாள் அம்மா.

பிறகு யாரும் கேட்காத ஒன்றையும் சொன்னாள். சின்ன வயதில் அவன் பக்கத்து வீட்டுச் சிறுமியின் பாவாடையைத் தூக்கிப் பார்த்தபோது வீடே சிரித்ததாம். இனிமேல் விளையாட வராதே என்று அந்தச் சிறுமியைத்தான் விரட்டினார்களாம். "ஆம்பளப் புள்ளன்னு நானும் சேந்து சிரிச்சேன். அவன் இன்னும் அந்தச் சிரிப்புலயேதான் இருக்கான்."

மகளுக்கு அந்தச் சிரிப்பு நன்றாக நினைவிருந்தது. அவன் அடித்தால் அவள் விட்டுக்கொடுக்க வேண்டும். அவனுடைய கூட்டாளிகள் வந்தால் அவள் உள்ளறைக்குப் போக வேண்டும். கண்ணைத் தாழ்த்திக்கொள் என்று அவனிடம் ஒருவரும் சொன்னதில்லை. அம்மாவின் மேல் அவளுக்கு மலையளவு கோபம் இருந்தது. கூண்டில் நின்று அம்மா அதைச் சொன்ன அன்றுதான் அது இறங்கியது.

தண்டனை முடிந்து வந்தவனை அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். செய்ததை உன் வாயால் சொல், பிறகு உள்ளே வா என்றாள். அவன் முறைத்துவிட்டுப் போனான். சொல்லாதவரைக்கும், செத்தாலும் அவன் கை என்மேல் படக்கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

பொத்தான் ஒருவழியாக ஏறியது. வெளியே மாமாவின் குரல் உயர்ந்தது. சலவைக்கூடத்துப் பெண்கள் கும்பலாக வந்திருந்தார்கள். நடுவில் சுருட்டை. குடும்பத்தைக் கெடுத்தவளுக்கு இங்கே என்ன வேலை என்று மாமா வழியை மறித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய மனைவி, அத்தை, எப்போதும்போல் பேசாமல் நின்றாள். மகள் போய்ச் சுருட்டையின் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

அதற்குள் தம்பியும் வாசலுக்கு வந்துவிட்டான். "அக்கா, வழி விடு" என்றான்.

"அம்மா கேட்டதைத்தான் நானும் கேக்கறேன். நீ என்ன பண்ணுனே? சொல்லிட்டு வந்து தூக்கு." கேட்ட பிறகுதான் பக்கத்தில் சுருட்டை நிற்பது அவளுக்கு உறைத்தது. சங்கடத்தோடு திரும்பினாள்.

"சொல்லட்டுங்க்கா. நான் கோர்ட்டுல அத்தன பேர் முன்னாடி சொன்னதுதானே" என்றாள் சுருட்டை. "எனக்கொண்ணும் வெக்கமில்ல."

தம்பி மாமாவைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்காக யாராவது பதில் சொல்லிப் பழக்கம். வயசுக் கோளாறு, நடந்தது நடந்துபோச்சு என்று மாமா தொடங்கினார்.

"நான் அவனக் கேட்டேன் மாமா."

தம்பி செருப்பு நுனியால் படியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு திரும்பி, வந்த வழியே நடந்தான். மகளுக்கு நெஞ்சு ஒரு நிமிஷம் வலிக்கத்தான் செய்தது, கூடப்பிறந்தவன் ஆயிற்றே. ஆனால் கூப்பிடவில்லை.

அப்படியானால் பெட்டியை யார் தூக்குவது என்று மாமா கையைக் கட்டிக்கொண்டார். மற்ற ஆண்களும் கட்டிக்கொண்டார்கள். தலைமாட்டில் ஒருபக்கம் மகள் குனிந்தாள், மறுபக்கம் சுருட்டை. பொம்பளைகள் தூக்கிப் படியில் போட்டு உடைக்கப் போகிறார்கள் என்று மாமா முணுமுணுத்தார். சாவு வீடென்றும் பாராமல் சலவைக்கூடத்துப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஈரத் துணி மூட்டையை நாள் முழுக்கத் தூக்குகிறவர்கள் அவர்கள். ஆளுக்கொரு பிடியைப் பற்றினார்கள். கால்மாட்டில் மட்டும் ஒரு பிடிக்கு ஆள் குறைந்தது.

"இத வச்சிருங்க" என்று ஒரு குரல் கேட்டது. அத்தை தன் கைப்பையை மாமாவிடம் திணித்துவிட்டு விறுவிறுவென்று வந்து குனிந்தாள்.

பெட்டி ஒரே மூச்சில் எழுந்தது. மகளுக்கு அழுகை முட்டியது. கூடவே கர்வமும் முட்டியது. ஜெயிச்சுட்டேம்மா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள்.

வாசலில் மாமா அந்தப் பையை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாமல் நின்றார். பெட்டி நெருங்கியதும் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி வழிவிட்டார்.