சொந்தக் கணக்கில் சேராதது

மூத்த மாப்பிள்ளைக்கு வங்கியில் வைத்திருந்த பெயர் கழித்தல். முகத்துக்கு நேரே சார் என்பார்கள். லிஃப்ட் கதவு மூடியதும் கழித்தல் என்பார்கள். அவருக்கும் அது தெரியும். பெயரில் பொய் ஒன்றும் இல்லை, அவர் வேலையே அதுதான். வங்கியின் ஆண்டறிக்கையில் பங்குதாரர்களின் பணம் என்று ஒரு தொகை கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்கும். மேற்பார்வை ஆணையம் அதை அப்படியே நம்பிவிடாது. நாளைக்குக் கடன்கள் திரும்பி வராமல் போனால், ஊர்மக்கள் போட்ட பணத்தில் கை வைக்கும் முன் அந்த அடியைத் தாங்க உன் சொந்தப் பணம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கும். இன்னொரு வங்கியை வாங்கியபோது அதன் நல்ல பெயருக்காகக் கூடுதலாகக் கொடுத்ததைக் கழிக்க வேண்டும். என்றைக்கோ வரியில் திரும்பக் கிடைக்கும் என்று எழுதி வைத்திருப்பதைக் கழிக்க வேண்டும். அப்படிக் கழித்து மிஞ்சுவதுதான் மூலதனம். கொடுத்திருக்கும் கடனுக்கு அது இவ்வளவாவது இருக்க வேண்டும் என்று ஆணையம் ஒரு கோடு கிழித்திருந்தது.

போன வருஷம் வங்கி அந்தக் கோட்டின் விளிம்பில் வந்து நின்றது. காப்பாற்றியவன் அவருடைய சகலை.

சகலை பங்குப் பிரிவு மேலாளர். புதிய பங்குகளை வெளியிட்டு, ஊர் ஊராகச் சுற்றி, சிரித்துச் சிரித்து விற்றுத் தீர்த்துவிட்டான். அவனை வங்கியில் சேர்க்க மேலிடத்தில் கெஞ்சிக் கூத்தாடியவர் மூத்தவர்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதை நினைத்தால் இப்போதும் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். நேரில் "தம்பி, நீங்க" என்பார். மனசுக்குள் அவன் எப்போதும் அவன்தான். வாசல் காவலாளி அவனிடம் குழந்தையின் காய்ச்சலைப் பற்றிப் பேசுகிறான். இவரைக் கண்டால் அடையாள அட்டையைப் பார்க்கிறான். அவனுக்கு நாற்பது வயதாகியும் ஒரு முடி கொட்டவில்லை. அதுகூடப் போகட்டும். தலைமை நிதி அதிகாரி ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்காக இவர் பதினெட்டு வருஷமாகக் காத்திருக்கிறார். இப்போது மாடியில் எல்லோர் வாயிலும் சகலையின் பெயர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் சாப்பாடு. மாமியார் பெரிய மீன் துண்டை எடுத்தார். மூத்தவரின் தட்டுக்கு மேலாக அது மெதுவாகப் போய்ச் சகலையின் தட்டில் இறங்கியது. மூத்தவர் தன் வால் துண்டில் முள் எடுக்கத் தொடங்கினார்.

"சின்ன மாப்ளை புண்ணியத்துல நாங்களும் பேங்க் முதலாளி ஆயிட்டோம்" என்றார் மாமியார், வாயெல்லாம் பல்லாக. "கைக்காசு ஒண்ணும் போடல. பேங்க்லயே கடன் குடுத்தாங்க, அதுல பங்கு வாங்கியாச்சு. வர்ற லாபத்துல கடனைக் கட்டிக்கலாமாம். இந்தத் தெருவுல பாதிப் பேரு அப்படித்தான் வாங்கியிருக்காங்க."

"நான் என்ன பண்ணேன் அத்தை. கிளை மேனேஜருங்கதான் ஓடியாடிச் செஞ்சாங்க" என்றான் சகலை. அவனுக்கு அடக்கம் வேறு.

மூத்தவரின் விரல்கள் தட்டிலேயே நின்றுவிட்டன. வங்கி தன் பணத்தையே கடனாகக் கொடுத்து, அதையே பங்குப் பணமாகத் திரும்ப வாங்கியிருக்கிறது. இந்தச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அந்தச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வருமானம் வந்தது என்று சொன்ன கதைதான். நாளைக்கு இந்தத் தெரு கடனைக் கட்டாவிட்டால் அந்தப் பங்குகளுக்குப் பின்னால் ஒரு காசும் இல்லை. ஆணையத்தின் விதியில் இது பட்டவர்த்தனமாக இருக்கிறது: வங்கியின் சொந்தக் கடனில் வாங்கிய பங்கு மூலதனத்தில் சேராது, அடியோடு கழிக்க வேண்டும். கழித்தால் வங்கி கோட்டுக்குக் கீழே போய்விடும். சகலையும்தான்.

வருஷக்கணக்கில் எரிந்த வயிற்றில் யாரோ பால் வார்த்தது போல இருந்தது.

"அத்தை, இன்னொரு துண்டு மீன் போடுங்க" என்றார். அவர் மனைவி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

மறுநாளே மேலிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். போவதற்குத்தான் எழுந்தார். மாடிப்படி வரை போய் ஒரு நினைப்பு வந்து நின்றார். இன்றைக்குச் சொன்னால் என்ன ஆகும்? அவனைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அவன் அந்தச் சிரிப்போடு நாலு பணக்காரர்களைப் பிடித்துப் பங்குகளை மாற்றி விற்றுவிடுவான். மறுபடியும் காப்பாற்றியவன் என்ற பெயர் அவனுக்கே போகும். செவ்வாய்க்கிழமை மூலதன அறிக்கை ஆணையத்துக்குப் போகிறது. வியாழக்கிழமை புதிய நிதி அதிகாரியைத் தேர்ந்தெடுக்க இயக்குநர்கள் கூடுகிறார்கள். அறிக்கை போகட்டும், பிறகு எல்லோர் முன்னாலும் போட்டு உடைப்போம். அப்போது அவன் எந்தப் பல்லைக் காட்டிச் சிரிக்கிறான் என்று பார்த்துவிடலாம். இந்த யோசனையில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பொறாமை பிடித்த கண் எதிராளியை மட்டும்தான் பார்க்கும். கண்ணாடிப் பக்கம் திரும்பாது.

செவ்வாய்க்கிழமை அறிக்கை போனது. வியாழன் வரை அவர் சகலையின் முகம் வெளுப்பதை மனசுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி இரண்டு முறை கூப்பிட்டது காதில் விழவில்லை.

வியாழக்கிழமை கூட்ட அறையில் நீள மேஜை. இருவரையும் அழைத்து எதிரெதிரே உட்கார வைத்திருந்தார்கள். மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். குரலில் வருத்தம் தொனிக்கும்படி ஒத்திகை பார்த்திருந்தார், அதுவும் நன்றாகவே வந்தது. எதிரே சகலையின் முகம் அவர் நினைத்ததைவிட நன்றாகவே வெளுத்தது. அந்த ஒரு நிமிஷம் இனித்தது. பொய் சொல்வானேன், தேனாக இனித்தது.

நிர்வாக இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். குரல் உயர்த்திப் பேசும் பெண்மணி அல்ல அவர்.

"செவ்வாய்க்கிழமை போன அறிக்கையில இதெல்லாம் மூலதனம்னுதானே காட்டியிருக்கோம்?"

"ஆமா மேடம்."

"கணக்கு சரின்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

எல்லா அறிக்கையிலும் போடுவதுபோல அதிலும் கடைசிப் பக்கத்தில் மூத்தவர்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். போட்டது ஞாபகத்திலேயே இல்லை.

"நான்தான்."

"இந்த விஷயம் உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

தெரிந்தே தப்பான அறிக்கையில் கையெழுத்துப் போட்டவனுக்கு வேலை போகும். இனி எந்த வங்கியும் வாசலில்கூடச் சேர்க்காது. எதிரே உட்கார்ந்திருப்பவன் அந்த ஞாயிற்றுக்கிழமை அதே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தவன். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"நேத்துதான் மேடம்" என்றான் சகலை. "நான்தான் பேச்சுவாக்குல சொன்னேன், கிளைகள்ல கடன் குடுத்து வாங்க வச்சோம்னு. இப்படி ஒரு விதி இருக்கறதே எனக்குத் தெரியாது. அவர் பதறிப் போயிட்டாரு. இன்னைக்கே சொல்லிடணும்னு சொன்னாரு."

மூத்தவர் தலையை ஆட்டினார்.

அன்று மாலையே திருத்திய அறிக்கை போனது. இயக்குநர்கள் சொந்தப் பணத்தைப் போட்டுப் பள்ளத்தை நிரப்பினார்கள். அந்த வருஷம் பங்குதாரர்களுக்கு லாபம் கிடையாது என்று ஆணையம் சொல்லிவிட்டது. சகலையின் பதவியைப் பிடுங்கி, பஸ்ஸில் மூன்று மணி நேரம் போக வேண்டிய ஒரு கிளைக்கு அனுப்பினார்கள். நேர்மையாகத் தவறைச் சுட்டிக்காட்டியவருக்கு நாற்காலி கிடைத்தது. மேஜையில் யாரோ பூங்கொத்துகூட வைத்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் மறுபடியும் சாப்பாடு. சாப்பிடுவதற்கு முன் கை கழுவப் போனபோது சகலையும் பின்னாலேயே வந்தான். குழாய் ஒன்றுதான் இருந்தது. மூத்தவர் கையில் சோப்போடு நின்றார்.

"அண்ணா, அன்னிக்கு நீங்க இன்னொரு துண்டு மீன் கேட்டு வாங்கினீங்க" என்றான் அவன் மெதுவாக. "இந்த வீட்ல நீங்க எதையும் கேட்டு வாங்கி நான் பாத்ததே இல்ல. அத்தை கடன்னு சொல்லி முடிச்சதும் கேட்டீங்க. எனக்கு விதி தெரியாது. உங்க முகம் தெரியும். ஏதோ நல்ல சேதி போலருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்."

மூத்தவர் ஓடுகிற தண்ணீரில் கைச் சோப்பைக் கழுவினார்.

"அப்புறம் ஏன் அங்க அப்படிச் சொன்னீங்க?"

"ஒரு வீட்ல ஒருத்தன் விழுந்தா போதாதா? நான் எங்க கொண்டுபோய்ப் போட்டாலும் பொழச்சுக்குவேன். நீங்க அந்த நாற்காலி இல்லாம இருக்க மாட்டீங்கண்ணா." அவன் குழாயை மூடினான். "அத்தை மாமா கடனை என் சம்பளத்துலயே கட்டிடறேன். அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லிக்க வேணாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். துண்டை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனான். மூத்தவர் துடைத்த கையையே துடைத்துக்கொண்டு நின்றார். நாற்காலி, பூங்கொத்து, நேர்மையானவர் என்ற பேச்சு எல்லாம் அவன் கொடுத்தது. யாரோ கொடுத்ததில் வாங்கியதை எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்று அந்த வங்கியில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. கழித்துப் பார்த்தார். மிச்சம் ஒன்றும் நிற்கவில்லை.

"பெரிய மாப்ளை, வாங்க, ஆறிடப்போகுது" என்று மாமியார் கூப்பிட்டார்.

போய் உட்கார்ந்தார். மாமியார் குழம்பிலிருந்து பெரிய துண்டைத் தேடி எடுத்தார். இந்த முறை அது வேறெங்கும் போகாமல் நேராக அவர் தட்டில் வந்து இறங்கியது. பதினெட்டு வருஷம் கழித்து, கேட்காமலே.

பக்கத்தில் சகலை வால் துண்டை எடுத்து, நிதானமாக முள்ளை நீக்கி, ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது.