மெமோவுக்கு உலகம்மை எழுதிய பதில்

மூன்று நாளுக்குள் பதில் வேண்டும் என்றது மெமோ. ரிக்கார்டு அறையிலிருந்து ஒரு ஃபைல் காணாமல் போனதற்கு அட்டெண்டர் உலகம்மையின் கவனக்குறைவே காரணமாம். அவளை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று சுத்தமான இங்கிலீஷில் கேட்டிருந்தார்கள்.

அதைப் படித்து முடிக்க உலகம்மைக்கு அரைமணி நேரம் ஆயிற்று. ஆனாலும் படித்துவிட்டாள். அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும் என்பது அந்த ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. பியூனாக இருந்த புருஷன் மஞ்சள்காமாலையில் போன பிறகு இரக்கப்பட்டுக் கொடுத்த வேலை அது. இரக்கப்பட்டவர்கள் தினம் ஒரு தடவையாவது அதைச் சொல்லிக்காட்டாமல் இருந்ததில்லை. அவளோ ஒன்றரை வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் கரமனையிலிருந்து தம்பானூர் வரை நடந்து மாதர் சங்கத்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். புளி கரைக்கும்போதுகூட வாய்க்குள் இங்கிலீஷ் வாக்கியம் கட்டிப் பார்ப்பாள்.

ஃபைல் எங்கே போயிற்று என்பதும் அவளுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஹெட் கிளார்க் ஸ்ரீகண்டன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். கையெழுத்துப் போடச் சொன்னதற்கு, "நாளைக்கே கொண்டுவரப் போறேன், இதுக்கு ஒரு ஒப்பு வேறயா?" என்று சிரித்தார். இப்போது அதே ஸ்ரீகண்டன்தான், "ஒரு மாப்பு எழுதிக் குடுத்துடு உலகம்மை. எல்லாம் சரியாயிடும்," என்று தேனொழுகப் பேசினார்.

அதுதான் அங்கே வழக்கம். மெமோ வாங்கிய கீழ்வேலைக்காரர்கள் நேரே வாசல் மரத்தடிக்குப் போவார்கள். அங்கே டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருக்கும் வேலாயுதன் என்ன நடந்தது என்று கேட்கமாட்டார். பெயரைக் கேட்பார், தேதியைக் கேட்பார், ஒரு மாப்புக் கடிதம் அடித்துக் கொடுத்துவிடுவார். மகாராஜா ஆட்சி முடிந்து மூன்று வருஷமாகியும் அவர் அடிக்கும் மனுக்களில் 'தங்கள் பொற்பாதம்' என்பது மட்டும் தேயவில்லை.

பயத்தில் உலகம்மையும் அங்கேதான் போனாள். அவர் நீட்டிய இங்கிலீஷ் தாளை நின்ற இடத்திலேயே எழுத்துக்கூட்டினாள். என் அறியாமையாலும் அலட்சியத்தாலும் ஃபைலைத் தொலைத்துவிட்டேன், தங்கள் பொற்பாதங்களில் விழுந்து மன்றாடுகிறேன் என்றிருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணாச்சி, நான் தொலைக்கல்லியே. தொலைச்சேன்னு அடிச்சிருக்கியளே?"

வேலாயுதன் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "ஓ, வாசிச்சிட்டியா? எல்லாருக்கும் இப்படித்தான் அடிக்கது. எறங்கிப் போனா ஒரு வார்னிங்கோட விட்ருவாங்க. மல்லுக்கு நின்னா வேலை போயிரும், கேட்டியா?"

"வார்னிங் சர்வீஸ் புக்குல ஏறுமா?"

"ஏறத்தான் செய்யும்."

"பொறவு எனக்கு வேலை ஸ்திரமாவுமா?"

வேலாயுதன் டைப்ரைட்டரைத் துடைக்க ஆரம்பித்தார். உலகம்மை தாளை நாலாக மடித்து அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு நடந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வகுப்புக்குப் போகவில்லை. போயிருந்தால் யாரிடமாவது காட்டித் திருத்தியிருக்கலாம். ஆனால் பிழையோடு இருந்தாலும் தன் பேச்சாக இருக்கட்டும் என்று ஒரு ரோஷம். 'ஐ டிட் நாட் லூஸ் தி ஃபைல்' என்று தொடங்கினாள். யார் எடுத்தது, எத்தனை மணிக்கு, கையெழுத்துக் கேட்டதற்கு என்ன பதில் வந்தது என்று எட்டு வரிகள். மாப்பு என்ற பேச்சே இல்லை.

திங்கட்கிழமை சூப்பரின்டெண்ட் அனந்தபத்மநாபன் அதைப் படித்தார். ஸ்ரீகண்டன் பக்கத்தில் நின்றார். பிழையைக் கண்டால் சூப்பரின்டெண்டுக்குக் கை அரிக்கும். சிவப்புப் பென்சிலைத் தேடினார்.

"யார் எழுதினா இதை?"

"நான்தான் ஸார்."

"பதினோரு தப்பு இருக்கு. வேலாயுதன்கிட்டப் போய் நல்லதா ஒண்ணு அடிச்சு வாங்கிண்டு வா."

"மாட்டேன் ஸார். தப்பைத் திருத்தித் தாங்க. நானே எழுதிக்கிட்டு வாரேன்."

"இவ்வளவு இங்கிலீஷ் தெரிஞ்சவ, அதையும் இங்கிலீஷ்லயே கேளேன்!" என்றார் ஸ்ரீகண்டன்.

புளி கரைக்கும்போது செய்வதுபோல உலகம்மை வாய்க்குள் ஒரு வாக்கியத்தைக் கட்டிப் பார்த்தாள்.

"ப்ளீஸ் கரெக்ட், ஸார். ஐ வில் ரைட் அகைன்."

வாக்கியம் முழுசாக வெளியே வந்துவிட்டது. ஸ்ரீகண்டனின் சிரிப்பு பாதியில் நின்றது.

சூப்பரின்டெண்ட் பதினொன்றையும் திருத்தினார். பிறகு எட்டாவது வரிக்குக் கீழே, நடந்த குற்றத்துக்கு மன்னித்தருள வேண்டுகிறேன் என்று சிவப்பில் ஒரு வரியைத் தானே சேர்த்தார். "கடைசியில இதுவும் இருக்கட்டும். மரியாதைக்கு."

உலகம்மை ரிக்கார்டு அறையில் உட்கார்ந்து பிரதி எடுத்தாள். ஒவ்வொரு திருத்தத்தையும் முணுமுணுத்துப் பார்த்துவிட்டு எழுதினாள். இந்தப் பதினொன்றையும் இனி ஜன்மத்துக்கும் தப்பாக எழுதமாட்டோம் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் அந்தச் சிவப்பு வரி வந்தது. வீட்டில் இருக்கும் ஏழு வயது மகளை நினைத்தாள். வேலை போனால் பிள்ளைக்குக் கஞ்சி ஊற்ற வேறு வழியில்லை. ஆனாலும் எட்டாவது வரிக்குக் கீழேயே தன் பெயரை இங்கிலீஷில் முழுசாக எழுதி எழுந்தாள்.

சூப்பரின்டெண்ட் வரிகளை எண்ணினார். "ஒரு வரி குறையறதே?"

"பதினோரு தப்பையும் திருத்திட்டேன் ஸார். அந்த வரி நான் எழுதினதில்ல."

அவர் தாளைப் பார்த்தார். உலகம்மையைப் பார்த்தார். பிறகு நாற்காலியோடு திரும்பி, "ஓய் ஸ்ரீகண்டன், அந்த ஃபைல் உம்ம ஆத்துலயா இருக்கு?" என்று கேட்டார்.

ஸ்ரீகண்டன் வாயைத் திறந்தார். இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை. போகலாம் என்று யாரும் உலகம்மையிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், அந்தப் பதிலைக் கேட்காமல் அவள் நகர்ந்திருக்கமாட்டாள்.