ராசம்மாள் வீட்டுக் கக்கூஸ்

எங்கள் ஊர் ரோட்டோரத்தில் ஒரு கிழட்டுப் பலாமரம் நிற்கிறது. எவனோ ஒரு புண்ணியவான் அதை வீடியோ எடுத்துப் போட்டான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமையானால் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கார் காராக வந்து இறங்கி மரத்தைக் கட்டிப்பிடிக்கிறார்கள். இத்தனை வருஷமாக நாங்கள் அதில் மாடுதான் கட்டினோம்.

வந்தவர்கள் டீ குடிப்பார்கள், இளநீர் குடிப்பார்கள். அப்புறம் முகம் ஒரு மாதிரி ஆகும். மரத்துக்கு நேர் எதிர் வீடு ராசம்மாளுடையது. அரசுத் திட்டத்தில் பஞ்சாயத்து கட்டிக்கொடுத்த கக்கூஸ், நீலக் கதவோடு ரோட்டைப் பார்த்து நிற்கும். அவசரம் என்று வந்து நிற்கிற பொம்பளைப் பிள்ளையை எப்படித் திருப்பி அனுப்புவது? முதலில் ஒருத்தி, பிறகு பத்துப் பேர், சித்திரையில் அறுபது பேர். முட்டிவலியோடு குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றியவள் ராசம்மாள்தான். நான் ஊர்த் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். கூடக் கொஞ்ச நேரம் மோட்டார் போட்டதைத் தவிர நானும் ஒன்றும் கிழிக்கவில்லை.

"பொதுவுல ஒண்ணு கட்டிக் குடுங்க தலைவரே. என் வூட்டு கக்கூசுக்கு நானே வரிசையில நிக்கிறேன்" என்று பஞ்சாயத்துத் தலைவர் கோவிந்தசாமியிடம் மூன்று மனு கொடுத்தாள்.

பஞ்சாயத்து சும்மா இருக்கவில்லை. சுற்றுலாக் குழு போட்டது, வரவேற்பு வளைவு கட்டியது. ஒரு ஆபீஸ் மரத்தின் பெயரை எழுதி போர்டு வைத்தது, இன்னொரு ஆபீஸ் மரத்தைத் தொடாதே என்று போர்டு வைத்தது. கடைசியில் போர்டுதான் தெரிந்தது, மரம் தெரியவில்லை.

பார்வையிட ஸ்ரீமதி என்ற அதிகாரி வந்தார். பஞ்சாயத்துச் செயலர் இளவரசு ஃபைலைப் படித்தார்.

"கழிப்பறை வசதி, உள்ளது."

"எங்க?"

"எதிர்லதான் மேடம். பஞ்சாயத்து கட்டுனது."

பொய் சொன்னார் என்று சொல்ல முடியுமா? அதிகாரி டிக் அடித்துவிட்டு, "அப்ப ஏன் வழிகாட்டி போர்டு இல்ல?" என்று கேட்டார்.

அதற்கு மட்டும் மூன்றே நாள் ஆனது. பொதுக் கழிப்பறை என்று பச்சை போர்டு, கீழே தலைவர் பெயர், அதற்கும் கீழே ராசம்மாள் வீட்டைக் காட்டி ஒரு அம்புக்குறித் தகடு. அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் அவளிடம் கேட்கவில்லை. நேராக உள்ளே போனார்கள். ஒருத்தன் வெளியே வந்து, "பக்கெட்ல தண்ணி இல்ல, என்னா மெயின்டனன்ஸ் பண்றீங்க?" என்று அவளையே அதட்டினான். ராசம்மாள் வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

நானும் அவளும் தலைவரிடம் போனோம்.

"வெச்ச போர்டை எடுக்கணும்னா தீர்மானம் போடணும்க்கா" என்றார்.

வெளியே வந்ததும் ராசம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எடுக்கத்தான தீர்மானம்? திருப்புறதுக்கு என்னாத்துக்கு? ஸ்பேனர் வெச்சிருக்கியா தம்பி?"

தகட்டுக்கு ஒரே ஒரு போல்ட்தான். அந்தப் பக்கம் திருப்பினால் நாலாவது வீடு தலைவருடையது. டைல்ஸ் போட்ட கக்கூஸ்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த வீட்டு ஹாலில் பதினோரு பேர் நின்றார்கள். ஒரு அம்மாள் கக்கூஸ் கதவைத் தட்டினாள்.

"யாருங்க உள்ள? சீக்கிரம் வாங்க, கொழந்த அழுவுது!"

உள்ளே இருந்தவர் தலைவர்.

திங்கட்கிழமையே மரத்துக்குப் பக்கத்துப் புறம்போக்கில் பொக்லைன் வந்து நின்றது. தீர்மானமெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம், முதலில் குழி தோண்டு என்று தலைவரே சொல்லிவிட்டார்.