வராத வினைச்சொல்

"செத்துருவேன்னுதான் சொல்ல வந்துருப்பான்" என்றபடி, சோலையம்மாள் அத்தை ஐஸ் பெட்டிக் கண்ணாடியின் ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். உள்ளே அவள் தம்பி பேச்சிமுத்து. எரியோடு பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டர். மகள் போகவிருந்த ஜெர்மனியின் குளிரை, இப்படிப் பெட்டிக்குள் படுத்து அந்த வீட்டில் முதலில் பார்த்தவர்.

காலையில் மகளிடம் காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டே, "மகேசு, நீ ஜெர்மனிக்குப் போயிட்டா நான்..." என்றார். அவ்வளவுதான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மகேஸ்வரி நர்ஸ். நெஞ்சை அழுத்தினாள், வாயில் ஊதினாள். அவரும் எழுந்திருக்கவில்லை, அந்த வாக்கியமும் எழுந்திருக்கவில்லை.

அவள் ஜெர்மன் பரீட்சையில் இரண்டு முறை விழுந்து, மூன்றாம் முறை தப்பிப் பிழைத்தவள். விசா வந்துவிட்டது. போவதா வேண்டாமா என்பது இப்போது அந்த வராத வினைச்சொல்லில் இருந்தது.

அவள் சத்தமாகப் படித்ததைக் கேட்டுக் கேட்டு, ஜெர்மன் இலக்கணத்தையே பஸ்ஸாக்கியவர் அவர். "முதன்மை வாக்கியத்துல வினைச்சொல்லுக்கு ரெண்டாம் நம்பர் சீட்டு. நம்ம 'போனா', 'வந்தா'வுக்கு அவன் 'வென்'னு ஒருத்தனை ஏத்துவான். அவன் ஏறிட்டா அது சார்பு வாக்கியம். வினைச்சொல்லு எந்திரிச்சுக் கடேசி சீட்டுக்குப் போயிரணும், நம்மூரு மாதிரி. புரியுதா கழுத?"

அழுது வீங்கிய அவள் கண்ணில் வாசல் பந்தல் பஸ்ஸைப் போல மெல்ல ஆடியது. வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லோரும் எங்கோ பயணம் போகிறாற்போல உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நாற்காலி மட்டும் காலி.

ஜெர்மன்காரராகப் பிறந்திருந்தால் சொல்லி முடித்திருப்பார். அங்கே 'நீ போனா' முழுசும் முதல் சீட்டு, அது முடிந்ததும் ரெண்டாம் சீட்டுக்கு வினைச்சொல் ஓடிவந்துவிடும், 'நான்' அதற்கப்புறம்தான். அப்பா எரியோட்டுக்காரர். வினைச்சொல்லுக்குக் கடைசி சீட்டைப் பிடித்து வைத்துவிட்டு நடுவழியில் இறங்கிவிட்டார்.

"என்னம்மா சொல்ல வந்தாரு?"

அம்மா ஊதுபத்தியை மாற்றினாள்.

மூன்று மணிக்கு டெய்லர் கண்ணுசாமி மாலையோடு ஒரு மஞ்சப்பையும் கொண்டுவந்தார். "காலையில வந்து வாங்கிக்கிறேன்னாரு பாப்பா. பத்து மணி வரைக்கும் பாத்தேன்..."

பைக்குள் கம்பளித் துணியில் ஒரு கோட்டு.

"அம்புட்டுக் குளுராம்ல அங்க. பைசா வெக்கல்லாம் வேணாம், கை விட்டுக்க ரெண்டு பக்கமும் பெரிய பாக்கெட்டா வையிடான்னாரு. நான் ஆயுசுல கோட்டு தச்சதில்ல. கை கொஞ்சம் நீண்டுபோச்சு."

மகேஸ்வரி அதைப் போட்டுக்கொண்டாள். விரல் நுனி வரை மூடியது. நடந்துபோய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏண்டி, சித்திரை வெயில்ல... வேர்க்கலையா?" என்றாள் அத்தை.

"வேர்க்குதத்தே" என்று, நீண்டுபோன கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.