நாற்பத்திரண்டு கிழங்குகளும் ஒரு காரும்

தையற்காரி வீட்டு முற்றத்தில் போட்ட சிமெண்டுத் தளம் முதல் ஆண்டு ஒரு சாண் உயர்ந்தது, இரண்டாம் ஆண்டு இன்னொரு சாண். கார் அதன் மேல்தான் நின்றது. எங்கும் ஒரு கீறல்கூட விழாததால், தளம் போட்ட கொத்தனார் அதைத் தன் வேலைக்குக் கிடைத்த நற்சான்றாகவே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

தன் காரை நிறுத்த அதைப் போடச் சொன்னது அவளுடைய கொழுந்தன். லாரிகளை எடைபோடும் மேடையில் இருபது வருடம் உட்கார்ந்தவர்; எதைப் பார்த்தாலும் கண்ணாலேயே கிலோ சொல்லிவிடுவார். அண்ணன் இறந்து வருடம் திரும்புவதற்குள் மாடியிலிருந்து இறங்கிவந்து முன்னறையைப் பிடித்துக்கொண்டார். தையற்காரிக்கு மிஞ்சியது பின்னறையும் முற்றமும். முற்றத்தில் அவள் நாற்பத்திரண்டு பூக்கிழங்குகள் நட்டிருந்தாள். மற்றவர் தோட்டமெல்லாம் பூத்து ஓய்ந்த பின், இலையுதிர்காலத்தில், இலையே இல்லாமல் வெறுந்தரையிலிருந்து இளம் ஊதாவாக எழும் ஜாதி. இலை வசந்தத்தில் வந்து கோடையில் கருகிவிடும். கிழங்கு மண்ணுக்குள் தூங்கும். கொழுந்தன் பார்த்தது அந்தக் கோடைத் தரையை. அவள் மருத்துவமனைத் தையல் கூடத்தில் போர்வைகளுக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்த ஒரு பகலில் எல்லாம் முடிந்துவிட்டது.

"எல்லாம் செத்துப்போச்சு அண்ணி. வெறும் மண்ணுதான் கெடந்துச்சு," என்றார்.

அடுத்துப் பின்னறையைக் கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். "தூங்குறதுக்கும் சாவுறதுக்கும் வித்தியாசம் தெரியாதா தம்பி உங்களுக்கு? இந்த வருஷம் பூக்கலைன்னா பின்னறைச் சாவியை நானே தர்றேன். பூத்துச்சுன்னா என்னைப் போகச் சொல்ற பேச்சே இந்த வீட்டுல வரக்கூடாது."

சிமெண்டு நாலு டன், கார் ஒரு டன், பூ பத்து கிராம் என்று கணக்குப் போட்டுவிட்டு அவர் சிரித்தபடியே சம்மதித்தார்.

மழை ஓய்ந்த மூன்றாம் வாரம், வேலைக்குக் கிளம்பியவர் காருக்குள் ஏறக் காலைத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. தளத்துக்கு அடியில் எல்லாக் கிழங்குகளும் பூத்து நின்றன. ஒரு இதழ்கூட நசுங்கவில்லை. காரை இறக்க வழியில்லாமல் அன்று அவர் பேருந்தில் போனார். மூன்றாம் வருடம் பத்து மூட்டை மணலைத் தளத்தின் மேல் ஏற்றினார். அந்த ஆண்டு அது வழக்கத்தைவிட இரண்டு விரற்கடை கூடுதலாக உயர்ந்தது. பாரம் கூடினால் ரோஷமும் கூடத்தானே செய்யும் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. பூ வாடிய பிறகும் தளம் இறங்கவில்லை, நின்ற இடம் அதற்குப் பழகிவிட்டது. நான்காம் ஆண்டு தையற்காரி யாரையும் கேட்காமல் தன் மெஷினை முன்னறைக்கு நகர்த்தினாள். கொழுந்தன் பாயைச் சுருட்டிக்கொண்டு பழையபடி மாடிக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஏணி வைத்து ஏறி, காரைத் துடைத்து, உள்ளே சற்று நேரம் உட்கார்ந்து, ஹாரனை ஒருமுறை அடித்துப் பார்ப்பார். எட்டாம் ஆண்டு அந்த ஏணி எட்டவில்லை. தளத்தின் நிழலில் நாற்காலி போட்டு அவள் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் அருகில் வந்து நின்றார்.

"அண்ணி, இந்த வருஷம் எவ்வளவு ஒசரும்?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஏணியைக் கொஞ்சம் நீளமாவே செஞ்சுக்கங்க தம்பி."

அவர் தச்சரிடம் போய் ஏழு படி கூட வைக்கச் சொன்னார்.